பிடியண்ணனின் சுட்டுவிரல்

விழுகிறவர்களைப் பிடிப்பதுதான் அவருடைய வேலை. அப்படி ஓர் உத்தியோகம் உண்டா என்றால், உண்டு. அதற்குச் சம்பளமும் உண்டு, விடுப்பும் உண்டு. யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரியில வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவருக்குத்தான் நிறுத்தத் தெரியாது. "அங்க ஆளுங்களை விழ வைப்பாங்க. நான் பின்னாடி நின்னு பிடிப்பேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். கேட்டவர் ஒரு கணம் அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இந்த வருடம் வெயில் அதிகம் என்று பேச்சை மாற்றுவார்.

வேலை செய்கிற இடத்தில் எல்லாரும் அவரைப் பிடியண்ணன் என்றார்கள். நாமும் அப்படியே அழைத்துவிட்டுப் போவோம்.

அந்த இடம் ஒரு பெரிய மருத்துவமனையின் பின்பக்கத்தில், துணி வெளுக்கும் பகுதிக்கு அடுத்த கதவு. உள்ளே எப்போதும் சோப்பு வாசனை அடிக்கும். வாசலில் 'சமநிலை ஆய்வுக்கூடம்' என்று பலகை. பலகை சற்றுச் சாய்ந்திருக்கும், யாரும் நிமிர்த்தியதில்லை. அறையின் நடுவே, தரையோடு தரையாக, ஒரு கதவு அகலத்துக்கு ஒரு தட்டு. பக்கவாதம் வந்து கால் பலம் குறைந்தவர்களை அதன்மேல் நிற்க வைப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் தட்டு வெடுக்கென்று முன்னாலோ பின்னாலோ நகரும். நல்ல கால் என்றால் தானாகவே ஓரடி எடுத்துவைத்து ஆளைக் காப்பாற்றிவிடும். மனிதர் 'ஐயோ, விழப்போகிறேன்' என்று நினைத்து முடிப்பதற்குள் கால் தன் வேலையை முடித்திருக்கும். பக்கவாதம் வந்தவர்களுக்கு அந்த அடி தாமதமாக வரும், இல்லையென்றால் வரவே வராது. திரும்பத் திரும்பத் தடுமாற விட்டால் அந்த அடி மெல்ல மெல்லத் திரும்பி வரும் என்பது ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியையின் கட்சி. அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

விழுந்தால் அடிபடாமல் இருக்க உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும். நெஞ்சையும் இடுப்பையும் சுற்றிக் கட்டிய பட்டையில் அதை மாட்டிவிடுவார்கள். முழங்கால் தரையைத் தொடுவதற்கு முன்பே கயிறு இறுகி ஆளை அந்தரத்தில் நிறுத்திவிடும். கயிறு இருந்தாலும் வந்தவர்களுக்குப் பயம் போகாதில்லையா, அதனால் பின்னால் ஒரு மனிதக் காவல். அந்தக் காவலுக்கு ஒரே ஒரு சட்டம்: கயிறு இறுகிய பிறகுதான் ஆள்மேல் கை வைக்க வேண்டும். முன்னாலேயே கை வைத்துவிட்டால், தடுமாறியவர் தானாக நிமிர்ந்தாரா, இவர் நிமிர்த்தினாரா என்று யார் சொல்வது?

இதற்கு முன் பிடியண்ணன், வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனத்தில் இருந்தார். கண்ணாடி பீரோவை நான்கு பேர் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு போவார்கள். ஐந்தாவதாக இவர் பின்னால் ஏறுவார், பீரோவின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு. அந்தக் கைக்கு என்ன வேலை என்று தூக்குகிறவர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் அவர் கை வைத்த பீரோ எதுவும் சாய்ந்ததில்லை. ஆய்வுக்கூடத்துக்கு அந்தத் தட்டு வந்து இறங்கிய அன்றும், பெட்டியின் முதுகில் கை வைத்தபடி இவர்தான் பின்னால் வந்தார். பேராசிரியை பார்த்தார். "இந்த மாதிரி ஆள்தான் நமக்கு வேணும்" என்றார். பின்னாளில் அவர் நினைத்து நினைத்து வருந்திய வாக்கியம் அது.

பிடியண்ணனின் மனைவியை அண்ணி என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணியின் தொழில் கணவர் தொழிலுக்கு நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். கற்றுக்கொள்ள வந்தவர் ஓட்டுவார். பக்கத்து இருக்கையில் அண்ணி உட்கார்ந்திருப்பார். அண்ணியின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை அவர் லேசில் மிதிக்க மாட்டார். கார் சுவரைப் பார்த்துப் போனால், சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தின் பொடி எழுத்து தெரியும்வரை போக விடுவார். "அவங்களா மிதிக்கணும்னு ஒரு நொடி வரும். அந்த நொடியை நாம பறிச்சுக்கக் கூடாது" என்பது அவர் கொள்கை. ஊரில் பாதிப் பேர் அண்ணியைத் திட்டிக்கொண்டே ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். பிடியண்ணனும் ஒரு காலத்தில் அவரிடம் கற்றுக்கொள்ளப் போனவர்தான். வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே கைபிரேக்கைப் பிடித்தவர் பாடம் முடிகிறவரை அதை விடவில்லை. "இது உங்களுக்குச் சரிப்படாது" என்று அண்ணி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேறெது சரிப்படும் என்பதை இருவரும் பிறகு பேசி முடிவு செய்தது தனிக்கதை.

போன மழைக்காலத்தில் அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது. நல்லவேளை, லேசானது. பேச்சு சில நாட்களிலேயே திரும்பிவிட்டது. வீடு அமைதியாக இருந்தது அந்தச் சில நாட்கள்தான் என்று மகள் இன்றைக்கும் சொல்வாள். வலது கால் மட்டும் சோம்பேறியாகிப்போனது. பிரேக் மிதிக்கிற கால். பயிற்சி கொடுத்துக் கொடுத்து அதற்கும் ஓரளவு பலம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒருநாள் குளியலறையில் சறுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தைரியம்தான் முறிந்துபோனது.

அன்றிலிருந்து பிடியண்ணன் வீட்டிலும் வேலையைத் தொடங்கினார். அண்ணி எழுந்தால் எழுவார், நடந்தால் நடப்பார். அண்ணியின் இடுப்புக்குச் சற்று மேலே, நடுமுதுகில், வலது கைச் சுட்டுவிரலை வைத்துக்கொள்வார். பிடிக்க மாட்டார், தாங்க மாட்டார், வெறும் விரல். அந்த விரல் இருந்தால் அண்ணி சமையலறைக்குப் போவார், மொட்டைமாடிக்குப் போவார், குப்பை எடுக்க வருகிறவரோடு சண்டைக்குக்கூடப் போவார். விரல் இல்லையென்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆணியடித்த மாதிரி நின்றுவிடுவார். ஓட்டல் வரவேற்பறையில் வேலை பார்க்கும் மகளுக்கு இது தினசரி வேடிக்கை.

"ஏம்ப்பா, அம்மாவுக்கு சுவிட்ச் முதுகுலயா வச்சிருக்கு?" என்பாள்.

பிடியண்ணனுக்கு உள்ளூரப் பெருமைதான். கட்டியவளுக்குத் தன் ஒற்றை விரல் போதும் என்று சொல்லிக்கொள்ள எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது?

அண்ணிக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டியது அந்த கார் இருக்கை. நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து கணவருக்கும் மகளுக்கும் எதையாவது கற்றுக்கொடுத்துக்கொண்டே இருந்ததில், இருவரும் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். ஓட்டுநர் பள்ளி முதலாளி ஒருநாள் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், கெட்ட செய்தியை நாற்காலி நுனியிலிருந்துதான் சொல்வார்.

"வருஷக் கடைசி வரைக்கும் உங்க இடத்தை வச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாதுங்க. நீங்க கேட்லேர்ந்து வண்டி வரைக்கும் நீங்களா நடந்து வரணும். கத்துக்க வர்றவங்க பார்ப்பாங்கல்ல?"

"இவர் கூட வந்தா?" என்று அண்ணி கேட்டார்.

முதலாளி பிடியண்ணனைப் பார்த்தார். பிடியண்ணன் அப்போது அண்ணியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, நாற்காலியின் முதுகில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்க" என்றார் முதலாளி.

அன்று இரவு அண்ணி சாப்பிடவில்லை. "அந்த சீட் போச்சுன்னா நான் யாருங்க?" என்று மட்டும் கேட்டார். ஆய்வுக்கூடத்திலேயே பேராசிரியை பலமுறை சொல்லியிருந்தார், வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று. ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சளி, அவளுக்குத் தலைவலி என்று இவர்தான் தட்டிக்கழித்தார். ஊரார் வீட்டு ஆட்களை விழ வைப்பது வேறு. தன் மனைவியை அந்தத் தட்டில் ஏற்றுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இதற்கிடையில் ஆய்வுக்கூடத்தில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. காலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் மளமளவென்று தேறினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், முதல் நாள் தட்டைப் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொண்டவர், சீக்கிரமே அதன்மேல் தூண் மாதிரி நின்றார். மதியம் வருகிறவர்களோ வந்த புதிதில் எப்படித் தொங்கினார்களோ அப்படியேதான் தொங்கினார்கள். காலையில் காவல் நிற்பவர் பிடியண்ணன். மதியத்துக்கு வேறோர் ஆள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பார், யாராவது விழுந்தால் பாட்டு முடிந்ததும் வருவார்.

காலைக்கும் மதியத்துக்கும் ஏன் இந்த வித்தியாசம்? பேராசிரியை மண்டையைப் பிய்த்துக்கொண்டார். வெயிலா? சாப்பாடா? தூக்கமா? கடைசியில், மனித மூளை காலையில்தான் சமநிலையைக் கற்றுக்கொள்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்து, அதைக் கட்டுரையாகவும் எழுதி, ஒரு பெரிய மாநாட்டுக்கு அனுப்பினார். அவர்களும் வந்து பேசுங்கள் என்று அழைத்துவிட்டார்கள். பேராசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. அவரிடம் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவி, தன் திருமணத்தைக்கூட மாலையிலிருந்து காலைக்கு மாற்றலாமா என்று யோசித்தாளாம்.

மாநாட்டில் காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. அறையைச் சுற்றிலும் கேமராக்கள் உண்டு. தட்டில் நிற்பவரின் மூட்டுக்கு மூட்டு பளபளக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டிவிடுவார்கள். திரையில் ஆள் தெரியமாட்டார்; உருண்டைகள் மட்டும் வெள்ளைப் புள்ளிகளாக ஆடும். பளபளக்கிற வேறெது இருந்தாலும் அதுவும் புள்ளியாகக் குழப்பும் என்பதால், வருகிறவர்களின் கடிகாரம், மோதிரம், தோடு எல்லாவற்றையும் மாணவி கழற்றி வாங்கி வைத்துவிடுவாள். அப்படியும் ஏதாவது உதிரிப் புள்ளி வந்தால் கணினியில் அழித்துவிடுவாள். இந்தப் படத்தை அவசரத்தில் செய்ததால் அழிக்க மறந்துவிட்டாள்.

எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பிடியண்ணனும் கையில் தேநீரோடு பின்னால் நின்றார். நீதிபதியின் புள்ளிகள் நின்றன, தடுமாறின, கம்பீரமாக நிமிர்ந்தன. அவர் இடுப்புக்குப் பின்னால் சம்பந்தமே இல்லாமல் ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்து வந்த அம்மாளுக்கும் அதே இடத்தில் ஒன்று. அதற்கடுத்தவருக்கும்.

"இது என்ன?" என்று பேராசிரியை கேட்டார்.

"குப்பைப் புள்ளி மேடம். பட்டையில இருக்கற கொக்கி மின்னுது போலிருக்கு" என்றாள் மாணவி.

அந்த நேரத்தில் திரையில் அந்தக் கொக்கி இடுப்பை விட்டு விலகியது. நேரே மேலே ஏறியது. அங்கே நாலைந்து முறை மேலும் கீழும் வேகமாக ஆடியது. பிறகு சாவகாசமாக இறங்கிப் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

"கொக்கி தலையைச் சொறியுமா?" என்றார் பேராசிரியை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிடியண்ணன் அப்போதுதான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். மோதிர விரலில் நழுவுகிறது என்று சுட்டுவிரலுக்கு மாற்றிப் போட்டிருந்த கல்யாண மோதிரம், விளக்கொளியில் நன்றாக மின்னியது.

"அவங்க மேல கை வைக்கிறீங்களா?"

"கை வைக்கல மேடம். விரல் மட்டும்தான்."

"எல்லார் மேலயுமா?"

"பாவம், பயப்படறாங்க மேடம். பிடிக்கல, தாங்கல. சும்மா நான் இருக்கேன்னு தெரியட்டுமேன்னுதான்."

பேராசிரியை கத்தவில்லை. அந்தத் தட்டின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே, குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"விரல் எடையைத் தாங்காது. விஷயமே அதுதான். முதுகுல ஓரிடத்தில லேசா ஒரு விரல் பட்டாப் போதும், உடம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளை அதை வச்சே கண்டுபிடிச்சிடும். அதுக்கப்புறம் காலைக் கேக்காது. கால் என்ன சொல்லுதுன்னு கவனிக்காது. உங்க விரல் இருக்கற வரைக்கும் எல்லாரும் அருமையா நிப்பாங்க. எடுத்துட்டா பழைய நிலைமைதான்."

"அப்ப அவங்க யாரும் கத்துக்கலையா மேடம்?"

"கத்துக்கிட்டாங்க. உங்க விரலோட நிக்கக் கத்துக்கிட்டாங்க."

மாணவி முகம் கழுவப் போகிறேன் என்று போனவள் வெகுநேரம் வரவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மாநாட்டுக்கு வரவில்லை என்று எழுதிப் போட வேண்டும். மதியத்து ஆளின் கணக்கு ஒன்றுதான் சுத்தமாக இருந்தது. சோம்பேறித்தனத்துக்கு அன்று அறிவியலில் ஓர் இடம் கிடைத்தது. பிடியண்ணனை வேலையை விட்டு அனுப்பவில்லை. விரலைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம் என்று பேராசிரியைக்குள் ஒரு மூலையில் ஆசை முளைத்துவிட்டிருந்தது. ஆனால் பிடியண்ணனின் காதில் அதெல்லாம் ஏறவில்லை. வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளை நினைத்து அவர் ஆடிப்போயிருந்தார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணியின் பின்னால் போய் நின்றார். அண்ணி தண்ணீர் குடிக்க எழுந்தார். விரல் வந்தது. இரண்டு அடி போனதும் பிடியண்ணன் சத்தமில்லாமல் விரலை எடுத்துப் பார்த்தார். அண்ணி அந்த இடத்திலேயே நின்றார், கை சுவரைத் தேடியது.

"எங்க போயிட்டீங்க?"

"இங்கதாம்மா இருக்கேன்" என்று விரல் திரும்பவும் போய் ஒட்டிக்கொண்டது.

அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை. அண்ணியை உட்கார வைத்து நீதிபதி, புள்ளி, மோதிரம் எல்லாவற்றையும் சொன்னார். தலையைச் சொறிந்ததை மட்டும் விட்டுவிடலாமா என்று பார்த்தார், அதையும் சொன்னார்.

"இத்தனை நாளா நான் ஓட்டறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் அண்ணி. "நீங்கதான் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்திருக்கீங்க."

"நீ விழுந்துட்டா?"

"விழுவேன். அதுக்கென்ன?"

"உனக்கு என்ன, நீ விழுந்தே, அவ்வளவுதான். நான் வெளியில நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இன்னிக்கும் பக்கெட் உருண்டா எனக்கு உயிர் போயிட்டு வருது" என்றார் பிடியண்ணன்.

அண்ணி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தத் தட்டுல நான் ஏறணும்" என்றார்.

பேராசிரியை உடனே ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "சொந்தக்காரங்க பின்னாடி நிக்கக் கூடாதும்மா. மத்தியானம் வர்றவர் நிப்பார்."

"அவர் பிடிக்காம நின்னு எனக்கு என்ன லாபம்?" என்றார் அண்ணி. "என் கூட வீட்டுக்கு அவரா வரப்போறார்? இவர்தான் நிக்கணும். இவர் பிடிக்காம நிக்கணும்."

அண்ணியின் கணக்கை ஆய்வில் சேர்ப்பதில்லை, பிடியண்ணன் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று முடிவானது.

முதல் நாள் தட்டு நகர்ந்ததும் அண்ணி மரம் சாய்வது போலச் சாய்ந்தார். கயிறு இறுகியது. காயப்போட்ட துணி மாதிரி ஆடிக்கொண்டு, ஆடுகிற ஆட்டத்திலேயே திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"ஏங்க, ஒரு மனுஷி விழறா, பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"நீதானம்மா பிடிக்கக் கூடாதுன்னே."

"சொன்னா என்ன? அதுக்காக ஒரு பதற்றம்கூட வேண்டாமா முகத்துல?"

பிடியண்ணனின் பதற்றம் முகத்துக்கு வரவில்லை, பைக்குள் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வலது பையின் அடித்துணி கிழிந்து, சுட்டுவிரல் மறுபக்கம் வெளியே வந்துவிட்டிருந்தது. மகள் தைத்துக் கொடுத்தாள். அடுத்த முறை மறுபடியும் கிழிந்தது. கடைசியில் கூடாரத் துணியில் ஒரு பை வைத்துத் தைத்தாள்.

விரல் போன பிறகும் அண்ணி ஏமாற்றப் பார்த்தார். கால் சொல்வதைக் கேட்காமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிறகு தானே கண்டுபிடித்துச் சத்தம் போட்டார். "மூச்சு விடாதீங்க. நீங்க பின்னாடி எங்க நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுடுது, அதை வச்சே நிக்கப் பார்க்கறேன்." அதனால் பிடியண்ணன் தட்டு நகர்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருமுறை மாணவி பொத்தானை அழுத்தத் தாமதித்ததில் அவர் முகம் நீலம் பாய்ந்துவிட்டது. விழுகிறவரை விட்டுவிட்டு எல்லாரும் பிடிக்கிறவரைத் தாங்கிப் பிடிக்க ஓடினார்கள்.

விழுந்து, தொங்கி, திட்டி, மறுபடி ஏறி என்று வாரங்கள் போயின. அண்ணி தன் வலது காலோடு தனியாகப் பேச ஆரம்பித்தார், கற்றுக்கொள்ள வந்த மந்தமான மாணவரிடம் பேசுகிற அதே குரலில். "எனக்கு அவசரமில்ல. நீ எப்ப வேணா மிதி. நான் மிதிக்க மாட்டேன்." ஒருநாள் தட்டு வெடுக்கென்று பின்னால் போனது. அண்ணி முன்னால் சாய்ந்தார். அந்தச் சோம்பேறிக் கால், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், முன்னே வந்து தொப்பென்று தரையில் விழுந்தது. கயிறு தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி நின்றுகொண்டிருந்தார்.

அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். பிடியண்ணனும் தட்டினார். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. ஆனால் பொய் சொல்லக் கூடாது: தான் இல்லாமலே அவள் நின்றுவிட்டாள் என்பதும் அந்தக் கணத்தில் அவருக்கு உறைத்தது, உறைத்த இடம் கொஞ்சம் வலித்தது.

வருடக் கடைசிக்குச் சில நாட்கள் இருக்கும்போது அண்ணி ஓட்டுநர் பள்ளிக்குப் போனார். பிடியண்ணனை கேட்டோடு நிறுத்திவிட்டார். உள்ளே முற்றத்தின் மறுகோடியில் வண்டி நின்றது. அதன் பக்கத்தில் முதலாளி. கற்றுக்கொள்ள வந்த சிலரும் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அண்ணி நடந்தார். வலது கால் இன்னும் சற்று இழுத்தது. நடு முற்றத்தில், வண்டி கழுவிவிட்டு யாரோ சுருட்டாமல் போட்டிருந்த தண்ணீர்க் குழாய் கிடந்தது. பிடியண்ணன் அதைப் பார்த்துவிட்டார். அண்ணி பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கையசைத்ததில் பார்க்கவில்லை.

கால் குழாயில் மாட்டியது. உடம்பு முன்னால் போனது. கேட்டுக்கும் அந்த இடத்துக்கும் இடையில் எத்தனை பெரிய விரலாலும் எட்ட முடியாத தூரம். பிடியண்ணன் கேட்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். முற்றத்தில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கால் ஊன்றிய சத்தம்தான். அண்ணி ஒரு நொடி குனிந்தபடி நின்றார், நிமிர்ந்தார், சேலையைச் சரிசெய்தார்.

"இந்தக் குழாயைச் சுருட்டி வைக்க இங்க ஆளில்லையா?" என்று கேட்டார்.

"நீங்க இல்லாம எல்லாம் இப்படித்தாங்க கிடக்கு" என்றார் முதலாளி. "வாரம் பொறந்ததும் வந்துடுங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணி ஒரு கட்டளை போட்டார். "நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடி வர்றேன். திரும்பிப் பார்க்கக் கூடாது. நீங்க திரும்பினா என் கால் உடனே உங்களைத் தேடும்."

பிடியண்ணன் முன்னால் நடந்தார். மனைவியைப் பின்னால் விட்டுவிட்டு இப்படி அவர் நடந்ததே இல்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, அதட்டி நிறுத்தினார். பயம் தெரியாமலிருக்கப் பேச்சுக் கொடுத்தார். முதலில் வெயிலைப் பற்றி. பிறகு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததெல்லாம், முகம் தெரியாததால் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் பேச்சில்லாமல் கிடந்த அன்று தான் வராந்தாவில் நின்று அழுததைச் சொன்னார். அவள் இனிமேல் தனியாகவே எல்லா இடமும் போய்விடுவாள், தனக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைத்ததைச் சொன்னார். அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருக்கிறது என்பதையும் சொன்னார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அண்ணி ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறாள் என்று அவருக்கு நெஞ்சு இளகிப்போனது.

வீட்டு வாசலில் நின்றார். "இப்பவாவது திரும்பலாமா?" என்று கேட்டார். பதில் இல்லை. திரும்பினார். தெரு காலியாக இருந்தது.

வந்த வழியே ஓடினார். சந்து சந்தாகப் பார்த்தார், சாக்கடை ஓரமெல்லாம் பார்த்தார். பழக்கடைக்காரரிடம் கேட்டார்.

"அக்காவா? அப்பவே திரும்பிப் போயிட்டாங்களே. டிரைவிங் ஸ்கூல் முதலாளி வந்து கூப்பிட்டார். யாரோ பாடத்துக்கு வந்து காத்துக்கிட்டு இருக்காங்களாம். உங்களைக் கூப்பிட்டுப் பார்த்தாங்க. நீங்க பேசிக்கிட்டே போயிட்டீங்க."

"தனியாவா போனா?"

"கூட யார் போவாங்க? அவங்களேதான் நடந்து போனாங்க."

பிடியண்ணன் நடைபாதை ஓரத்தில் மூச்சு வாங்க நின்றார். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. அப்போது தெருமுனையில் ஓட்டுநர் பள்ளியின் கார் தவளை மாதிரி துள்ளித் துள்ளித் திரும்பியது. ஓட்டுகிறவர் வியர்த்து விறுவிறுத்து, ஸ்டீயரிங் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் அண்ணி, கண்ணாடியை இறக்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கார் நெருங்கியது. பிடியண்ணன் தன்னையறியாமல் ஓரடி தெருவுக்குள் வைத்தார்.

"ஓரமா ஒருத்தர் நிக்கிறார் பாருங்க" என்று அண்ணியின் குரல் கேட்டது. "அவர் பதறிப்போய் எப்ப வேணா குறுக்க வருவார். பயப்படாதீங்க, நீங்க உங்க பாட்டுக்குப் போங்க. அவர் நகர்ந்துக்குவார்."

பிடியண்ணன் நடைபாதைமேல் ஏறி நின்று வண்டிக்கு வழிவிட்டார்.